பிக்பாக்கெட்டா, பறிப்பா, வழிப்பறியா? புகாரில் எழுதும் ஒரு சொல்லின் எடை

பேருந்தில் பர்ஸைப் பறிகொடுத்தவர் காவல் நிலையத்துக்குப் போய், "சார், கொள்ளையடிச்சுட்டாங்க" என்கிறார். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர், "எங்கேயாவது விழுந்திருக்கும், தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுங்க" என்கிறார். முதல் சொல் நடந்ததைவிடப் பெரியது, இரண்டாவது நடந்ததைவிடச் சிறியது. நடந்தது திருட்டு. ஆனால் பெரும்பாலும் காகிதத்தில் ஏறுவது "தொலைந்துவிட்டது" என்ற சொல்தான். அதற்குக் குற்றப் பிரிவே கிடையாது. எஃப்.ஐ.ஆர். வராது, விசாரணை வராது, கண்காணிப்புக் கேமரா பதிவை யாரும் கேட்கப் போவதில்லை. பின்னாளில் வேறொரு வழக்கில் பிடிபட்டவரிடமிருந்து உங்கள் பொருள் கிடைத்தாலும், அதை உங்களுடையது என்று சேர்த்துவைக்க ஒரு வழக்கு எண் இருக்காது.

தெருவில் புழங்கும் சொல், செய்தித்தாள் போடும் சொல், சட்டம் கேட்கும் சொல் என்று மூன்று உண்டு. மூன்றும் ஒன்று என நினைத்துப் புகார் எழுதும்போதுதான் வழக்கு மெலிந்துபோகிறது.

திருடருக்குத் தமிழில் பெயர்ப் பஞ்சம் இல்லை. சட்டைப்பை வராத காலத்தில் காசு வேட்டி மடிப்பிலோ சேலை முந்தியிலோ முடிச்சாக இருந்தது. அதை அவிழ்த்தவர் முடிச்சவிழ்க்கி, முடிச்சுமாறி. பை தைத்த சட்டை வந்ததும், பைக்கு உருது வழியாக வந்த "ஜேப்" என்ற சொல்லோடு அடி சேர்ந்து ஜேப்படி ஆனது. பிறகு பிக்பாக்கெட். சட்டைப்பையையோ கைப்பையையோ அறுத்தால் "பிளேடு போட்டுட்டான்". வழியில் மறித்துப் பிடுங்கியவர்களைப் பழந்தமிழ் ஆறலைகள்வர் என்றது; ஆறு என்றால் வழி. இன்றைய வழிப்பறி அதே பொருள்தான். சுவரைத் துளைத்து வீடு புகுவது கன்னம் வைத்தல், அதற்கான கருவி கன்னக்கோல். சுவர் துளைப்பது அரிதாகிவிட்டாலும், பூட்டை உடைத்துத் திருடுவதற்குக் காவல் துறைத் தமிழில் இன்றும் கன்னக்களவு என்றுதான் பெயர். பேச்சில் வரும் கேடி என்ற சொல்லும் காவல் நிலையத்திலிருந்து தெருவுக்கு வந்ததுதான். சென்னை மாகாணக் காவல் பதிவேடுகளில் "நோன் டெப்ரடேட்டர்" (Known Depredator), அதாவது ஏற்கெனவே அறியப்பட்ட திருடர், என்பதை முதலெழுத்துகளால் கே.டி. என்று குறித்தார்கள். ஏமாற்றுக்காரரை நானூற்றிருபது என்பதும் இப்படித்தான். அந்த எண் இருந்த இந்திய தண்டனைச் சட்டம் போய், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடப்பில் இருக்கிறது. மோசடி இப்போது அதன் பிரிவு 318(4); இங்கே சட்டத்தின் பெயர் சொல்லாமல் வரும் பிரிவு எண்களும் அதனுடையவைதான். பேச்சில் மட்டும் 420 அப்படியே இருக்கிறது.

செய்தித்தாளின் சொற்கள் வேறு வகை. "நகை அபேஸ்", "கைவரிசை", "துணிகரக் கொள்ளை". ஆளில்லாத வீட்டில் பூட்டை உடைத்தாலும் கொள்ளை, வங்கியில் துப்பாக்கி காட்டினாலும் கொள்ளை. சட்டத்தில் கூட்டுக்கொள்ளை என்றால் ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்து செய்யும் வழிப்பறி. பிரிவு 310, ஆயுள்வரை தண்டனை. நான்கு பேர் செய்தால் அது கூட்டுக்கொள்ளை ஆகாது. தலைப்பில் பார்த்த சொல்லைப் புகாரில் அப்படியே எழுதிவிட்டு, விசாரணையில் "எத்தனை பேர்? அடித்தார்களா? மிரட்டினார்களா?" என்ற கேள்விகளுக்கு "இல்லை" என்று சொல்ல நேர்ந்தால், உண்மையைச் சொன்ன பகுதியின் மீதும் சந்தேகம் விழும்.

எடுத்தாரா, கொடுத்தீர்களா?

சொத்துக் குற்றங்களைப் பிரித்தறிய ஒரே ஒரு கேள்வி போதும்: பொருள் உங்கள் கையை விட்டு எப்படிப் போனது? உங்களுக்குத் தெரியாமலோ சம்மதம் இல்லாமலோ எடுத்தால் திருட்டு. வெடுக்கென்று பிடுங்கினால் பறிப்பு. எடுப்பதற்காக அடித்தாலோ, மறித்தாலோ, "குத்திடுவேன்" என்று அந்த இடத்திலேயே அச்சுறுத்தினாலோ வழிப்பறி. பயந்துபோய் நீங்களே எடுத்துக் கொடுத்தால் மிரட்டிப் பறித்தல். நம்பி நீங்களே கொடுத்தால் மோசடி. முன்பே நம்பி ஒப்படைத்திருந்ததை அவர் தனதாக்கிக்கொண்டால் நம்பிக்கை மோசடி. அலுவலகத்தில் அதன் பெயர் கையாடல்.

இதில் பிக்பாக்கெட் எங்கே வருகிறது? எல்லோரும் சின்னத் திருட்டு என்று தள்ளிவிடுவதால், இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

சாதாரணத் திருட்டுக்குப் பிரிவு 303(2): மூன்றாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இதில் ஒரு புதிய ஏற்பாடு இருக்கிறது. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதல்முறை தண்டனை பெறுபவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பித் தந்துவிட்டால் சமூக சேவை மட்டுமே தண்டனை. இந்தக் குறைந்த மதிப்புத் திருட்டைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) முதல் அட்டவணை, நீதித்துறை நடுவரின் உத்தரவு இல்லாமல் காவல் துறை விசாரிக்க முடியாத வகையில் வைத்திருக்கிறது. ஆகவே "பர்ஸில் 800 ரூபாய் இருந்தது" என்று மட்டும் எழுதினால் புகார் அங்கேயே நின்றுவிடலாம். பர்ஸின் விலை, அதோடு போன கைபேசி, கம்மல், கடிகாரம் எல்லாவற்றையும் அவற்றின் உண்மையான இன்றைய மதிப்போடு கூட்டி எழுதுங்கள். கூட்டிச் சொல்வது வேறு, ஏற்றிச் சொல்வது வேறு. ரசீதில் 9,000 என்று இருக்கும் கைபேசியை 25,000 என்று எழுதினால், குறுக்கு விசாரணையில் அந்த ஓர் எண்ணே உங்களைப் பொய்யராக்கிவிடும்.

அடுத்தது இடம். பயணிகள் வாகனத்திலிருந்து ஒரு பொருளைத் திருடினால் பிரிவு 305-இன் கீழ் கொண்டுவர இடமுண்டு. அங்கே தண்டனை ஏழாண்டு வரை; 5,000 ரூபாய் கணக்கும் குறுக்கே வராது. அதனால் "பஸ் ஸ்டாண்டில் போய்விட்டது" என்று எழுதுகிறீர்களா, "ஓடும் பேருந்துக்குள் எடுத்தார்கள்" என்று எழுதுகிறீர்களா என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. இறங்கி நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது என்றால், தெரிந்த இடம் வேறு, நடந்த இடம் வேறு; இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும்.

மூன்றாவது, கூட்டாளிகள். கூட்டமான பேருந்தில் இந்த வேலையை ஒருவர் தனியாகச் செய்வது குறைவு. ஒருவர் படிக்கட்டில் வழிவிடாமல் நிற்பார், ஒருவர் பின்னாலிருந்து நெருக்குவார், கை வைப்பவர் வேறு, பொருளை வாங்கிக்கொண்டு இறங்குபவர் வேறு. எடுத்தவர் கையில் பொருள் தங்காது. அதனால்தான் சந்தேகப்பட்டவரைப் பிடித்துச் சோதித்தால் ஒன்றும் கிடைப்பதில்லை. சட்டத்துக்கு இது புதிதல்ல. திருடும்போது எதிர்த்தால் தடுக்கவோ காயப்படுத்தவோ முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டு திருடுவது பிரிவு 307. பத்தாண்டு வரை கடுங்காவல். அந்தப் பிரிவின் எடுத்துக்காட்டுகளில் ஒன்றே ஜேப்படிதான்: ஒருவர் இன்னொருவரின் பையில் கைவிடுகிறார், அவர் கண்டுகொண்டு எதிர்த்தால் மறிப்பதற்குத் தோழர்களை அருகே நிறுத்தியிருக்கிறார். கும்பலாக இதையே தொழிலாகச் செய்தால் 112-ஆம் பிரிவு இருக்கிறது. அதில் ஜேப்படி என்று பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் ஏழாண்டு. ஆனால் புகாரில் "யாரோ எடுத்துவிட்டார்கள்" என்று மட்டும் இருந்தால், இந்தப் பிரிவுகளைப் பற்றி யோசிக்க விசாரணை அதிகாரிக்கு ஒரு பிடியும் கிடைக்காது.

பை காலியாக இருந்தால்? அதற்கும் சட்டம் ஓர் எடுத்துக்காட்டு வைத்திருக்கிறது. வெறும் பையில் கைவிட்டு ஒன்றும் அகப்படாமல் போனாலும் அது திருட்டு முயற்சிதான், பிரிவு 62.

புகார் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு, மதுரையில் நடந்ததாகக் கற்பனையாக ஒரு மாதிரி:

"இன்ன தேதி காலை 9.10 மணிக்கு மாட்டுத்தாவணியில், பெரியார் பேருந்து நிலையம் செல்லும் நகரப் பேருந்தில் ஏறினேன். அண்ணா பேருந்து நிலையம் அருகே கைப்பையிலிருந்து பர்ஸை எடுத்துப் பயணச்சீட்டு வாங்கினேன். பர்ஸை மீண்டும் பைக்குள் வைத்து ஜிப்பை மூடினேன். கோரிப்பாளையம் தாண்டியதும் நீலக் கட்டம் போட்ட சட்டை அணிந்த ஒருவர் படிக்கட்டுப் பக்கம் வழிவிடாமல் நின்றார். பின்னாலிருந்து இன்னொருவர் தொடர்ந்து நெருக்கினார். சிம்மக்கல்லில் இருவரும், மூன்றாவதாக இடது கையில் துணிப்பை வைத்திருந்த ஒருவரும் சேர்ந்து இறங்கினார்கள். பேருந்து நகர்ந்ததும் பார்த்தேன். பையின் அடிப்பக்கம் சுமார் 10 செ.மீ. நீளத்துக்கு அறுக்கப்பட்டிருந்தது. பர்ஸ் இல்லை. ஜிப் மூடியபடியே இருந்தது."

இதில் வீணான வரி இல்லை. பயணச்சீட்டு வாங்கிய இடமும் சிம்மக்கல்லும் நேரத்தை ஒரு சில நிமிடங்களுக்குள் அடைத்துவிடுகின்றன. எந்தக் கேமராவை எந்த நிமிடத்தில் பார்ப்பது என்று தெரிந்துவிடுகிறது. அறுத்த தடமும் மூடிய ஜிப்பும் "விழுந்திருக்கும்" என்ற பேச்சை அடைக்கின்றன. சேர்ந்து இறங்கிய மூவர் 307-க்கும் 112-க்கும் வாசல். அந்தப் பையைத் தைத்துவிடாதீர்கள், துடைக்காதீர்கள். அப்படியே ஒரு காகித உறையில் போட்டுக் கொண்டுபோய், மகஜரில், அதாவது பொருளைக் கைப்பற்றியதைக் காவலர் எழுதும் ஆவணத்தில், எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். பயணச்சீட்டை நகல் எடுத்துவைத்துக்கொண்டு மூலத்தைக் கொடுங்கள். வெயிலிலும் வியர்வையிலும் அச்சு மங்கிவிடும். கேமரா பதிவுகள் சில நாட்களில் தானாக அழிந்து புதிய பதிவு ஏறும். ஆகவே பதிவைப் பாதுகாக்கும்படி கேட்கும் வரியையும் புகாரிலேயே சேர்த்துவிடுங்கள்.

கழுத்துச் சங்கிலி

முன்பு பறிப்புக்குத் தனிப் பெயர் கொண்ட குற்றப் பிரிவு இல்லை. இப்போது 304: திடீரென்றோ, விரைவாகவோ, பலவந்தமாகவோ பிடுங்கிக்கொண்டு போவது. மூன்றாண்டு வரை சிறை, அபராதமும் சேர்ந்து. ஆனால் பைக்கில் வந்தவர் சங்கிலியை இழுத்தபோது கழுத்தில் காயம் விழுந்திருந்தால், அல்லது பொருளோடு தப்பிப்பதற்காகக் கீழே தள்ளியிருந்தால், அது 309-ஆம் பிரிவின் வழிப்பறியாகும்; பத்தாண்டு வரை. நெடுஞ்சாலையில் சூரியன் மறைந்து உதிப்பதற்குள் நடந்தால் பதினான்கு ஆண்டு வரை. பறிப்புக்கும் வழிப்பறிக்கும் இடையில் நிற்பது கழுத்தில் இருக்கும் ஒரு சிவந்த கோடுதான். பல பெண்கள் அதற்கு மஞ்சள் தடவிக்கொண்டு வீட்டில் இருந்துவிடுகிறார்கள். இரண்டு நாளில் கோடு மறைந்துவிடும், வழக்கு பறிப்பாகச் சுருங்கிவிடும். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய், எப்படிக் காயம் பட்டது என்பதைச் சொல்லி விபத்துப் பதிவேட்டில் ஏற்றுங்கள். அதன் நகலுக்கு ஏ.ஆர். காப்பி என்று பெயர். வண்டி எண் முழுதாகத் தெரியாவிட்டாலும் தெரிந்த இலக்கங்கள், ஓட்டியவரா பின்னால் இருந்தவரா பிடுங்கியது, எந்தக் கையால், எந்தத் திசையில் போனார்கள் என்பதெல்லாம் ஹெல்மெட் நிறத்தைவிட முக்கியம்.

சங்கிலியைப் பற்றி எழுதும்போது "5 பவுன் செயின்" என்று மட்டும் விடாதீர்கள். கிராம், என்ன மாடல், கொக்கி எப்படிப்பட்டது, ஒட்டுப்போட்ட இடம், தாலியில் கோத்திருந்த குண்டு, காசு எத்தனை என்று எழுதுங்கள். அண்மை ஆண்டுகளில் வாங்கிய ஹால்மார்க் நகையானால், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. அடையாளம் பொறித்திருக்கும், அதை நகையிலிருந்து பார்த்து இன்றைக்கே ஒரு தாளில் குறித்து வையுங்கள். அறுந்து கழுத்தில் மிஞ்சிய துண்டு இருந்தால் அது முதல்தரச் சான்று. துண்டும் மீட்ட சங்கிலியும் பொருந்துவதை யாரும் மறுக்க முடியாது.

சந்தேகத்துக்குரியவர் பிடிபட்டதும் உங்களைக் காவல் நிலையத்துக்கு அழைத்து "இவன்தானே?" என்று காட்டினால் தயங்காமல் பார்க்க மறுத்துவிடுங்கள். நடுவர் முன்னிலையில் நடக்கும் அடையாள அணிவகுப்பில்தான் நீங்கள் அவரை முதலில் பார்க்க வேண்டும். அதற்கு முன்பே நேரிலோ கைபேசிப் படத்திலோ காட்டிவிட்டால், அணிவகுப்பில் அடையாளம் சொன்னதற்கு நீதிமன்றத்தில் மதிப்பு இல்லாமல் போகும்.

பூட்டு, நம்பிக்கை, பொய்

வீடு புகுந்த வழக்கில் கேட்க வேண்டியது எப்படிப் புகுந்தார் என்பது. பிரிவு 330-இன் முதல் எடுத்துக்காட்டு சுவரில் துளையிட்டுக் கையை உள்ளே விடுவது. அச்சு அசலாக நம் கன்னம். தொலைந்த சாவியைக் கண்டெடுத்துப் பூட்டைத் திறந்து நுழைவதும் அதே பிரிவில் கன்னக்களவுதான். அதனால் பூட்டு உடையவில்லை, செருப்பு அலமாரியில் வைத்திருந்த சாவியைப் போட்டுத் திறந்தார்கள் என்றால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். அதைச் சொன்னால் பிரிவு குறையாது. குறையும் என்று நினைத்துப் பூட்டை நீங்களே நெம்பிவைத்தால் தடயவியல் அதைக் கண்டுபிடித்துவிடும். இரவா பகலா என்பதும் பெரிய விஷயம். திருடுவதற்காகப் பகலில் பூட்டை உடைத்தால் பத்தாண்டு வரை, சூரியன் மறைந்து உதிப்பதற்குள் என்றால் பதினான்கு ஆண்டு வரை. ஊருக்குப் போய்த் திரும்பியவர்களுக்கு நேரம் தெரியாது. பால் பாக்கெட் எடுக்கப்படாத நாள், பக்கத்து வீட்டார் விளக்கு எரியக் கண்ட நேரம் போன்றவற்றை வைத்துத்தான் அதை நெருங்க முடியும். கைரேகை நிபுணர் வந்து போகும்வரை பீரோவைத் தொடாதீர்கள், தரையைப் பெருக்காதீர்கள்.

கவனத்தைத் திருப்பிச் செய்வதில் இரண்டு ரகம் உண்டு. வங்கி வாசலில் பத்து ரூபாய்த் தாள்களைப் போட்டு, "உங்க பணம் கீழே கிடக்கு" என்று சொல்லிக் குனியவைத்து வண்டியிலிருந்த பையை எடுத்தால் அது திருட்டு. நீங்கள் எதையும் கொடுக்கவில்லை. "நாங்க போலீஸ், முன்னாடி தெருவுல கொலை நடந்திருக்கு, நகையைக் கழற்றிப் பொட்டலமாக் கட்டிக்குங்கம்மா" என்று சொல்லிக் கழற்றவைத்துப் பொட்டலத்தை மாற்றினால், அதில் மோசடியும் உண்டு, அரசு ஊழியராக நடித்த 204-ஆம் பிரிவும் உண்டு. அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே மேற்கோள் போட்டு எழுதினால்தான் மோசடி நிற்கும். நகைக்கு மெருகு போடுகிறோம் என்று வருபவர்களின் கரைசலில் ராஜதிராவகம் இருக்கும். தங்கம் அதில் கரைந்து எடை குறையும். பாத்திரத்தில் மிச்சமுள்ள கரைசலைக் கொட்டிவிடாமல் கண்ணாடிப் புட்டியில் மூடிவைத்துக் காவலரிடம் கொடுங்கள், கை படாமல். உங்கள் தங்கமும் சான்றும் அதற்குள்தான் இருக்கின்றன.

கடன், சீட்டு, வேலை வாங்கித் தருவதாகச் சொன்னது போன்றவற்றில் காவல் நிலையம் சொல்லும் முதல் பதில் "இது சிவில் பிரச்சினை". பல நேரம் அதற்குக் காரணம் புகாரின் வாசகம்தான். "பணத்தைத் திருப்பித் தரவில்லை" என்பது கடன். "இன்ன அலுவலகத்தில் இன்ன பணி உத்தரவு தயாராக இருக்கிறது என்று பொய் சொன்னார், அதை நம்பியே கொடுத்தேன், அப்படி ஒரு உத்தரவே இல்லை" என்பது மோசடி. வாங்கும் நேரத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்டும் வரி எதுவோ, அது முதல் பத்தியில் இருக்க வேண்டும்.

இணையவழி ஏமாற்றில் சொல்லே கருவியாகிவிட்டது. காணொலி அழைப்பில் அதிகாரி போலப் பேசி, கைது செய்துவிட்டதாக மிரட்டும் "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று ஒன்று இந்தியச் சட்டத்தில் எங்கும் இல்லை; அது மோசடிக்காரர்கள் உண்டாக்கிய சொல். கேட்டவுடன் இணைப்பைத் துண்டித்துவிட்டு, இணையக் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். பணம் போய்விட்டிருந்தால் ஒவ்வொரு நிமிடமும் அது அடுத்தடுத்த கணக்குக்குத் தாவிக்கொண்டிருக்கும். 1930 முதலில், வங்கி உடனே, காவல் நிலையம் பிறகு. வங்கியிடம் "ஹேக் பண்ணிட்டாங்க" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் வகுத்த விதிப்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் மூன்றாம் தரப்பு ஊடுருவலால் போன பணத்துக்கு, வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் உங்களுக்குப் பொறுப்பே இல்லை. ஓ.டி.பி.யை நீங்களே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போனது உங்கள் தலையில். தெரிவித்த பிறகு போனது வங்கியின் தலையில். நடந்ததை நடந்தபடி, நேரத்தோடு சொல்வதுதான் உங்களுக்கே நல்லது.

சாதியைச் சொல்லும் வசைகள்

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். கேப்மாரி என்ற சொல்லைத் திருடன், ஏமாற்றுக்காரன் என்ற பொருளில் கூசாமல் சொல்கிறோம். அது ஒரு சமூகத்தின் பெயர். தமிழ்நாட்டின் சீர்மரபினர் பட்டியலில் இன்றும் இருக்கிறது. 1871-இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த குற்றப்பரம்பரைச் சட்டம் 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறப்பாலேயே ஒரு சமூகம் முழுவதையும் குற்றவாளி என்று பதிவு செய்து ரேகை வாங்கிய சட்டம். மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். ஊரைவிட்டுப் போக ராதாரிச் சீட்டு வேண்டும், இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும். அதை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று காவல் துறை சுட்டதில், ஒரு பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947-இலும் நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31 அன்றும் சட்டம் ஒழிந்தது. குற்றப்பரம்பரை என்ற பெயரை எடுத்துவிட்டுச் சீர்மரபினர் என்று அரசு எழுதத் தொடங்கியது. வசைச்சொல் மட்டும் ஒழியவில்லை.

இது வெறும் மரியாதைப் பிரச்சினை இல்லை. புகாரில் "பார்த்தால் குறவர் மாதிரி இருந்தார்கள்" என்று ஒரு வரி எழுதினால், விசாரணை அங்கே திரும்பிவிடும். ஊருக்கு வெளியே கூடாரம் போட்டிருப்பவர்களோ, ஊசி மணி விற்பவர்களோ இரவோடு இரவாக நிலையத்துக்கு இழுத்துவரப்படுவார்கள். உண்மையில் எடுத்தவர் அந்த நேரத்தில் உங்கள் நகையை உருக்கக் கொடுத்திருப்பார். சாதியைச் சொல்லும் வரி அடையாளமே ஆகாது. உயரம் எவ்வளவு, நடையில் ஏதும் விசேஷமா, எந்தக் கைப்பழக்கம், தழும்பு, பல் வரிசை, பேசிய மொழி, உச்சரித்த ஒரு சொல் என்று எழுதுங்கள். பட்டியல் சாதி, பழங்குடி மக்களைப் பலர் பார்க்கச் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் நீங்களே எதிரியாக நிற்க நேரும்.

எதிரி என்ற சொல்லும் கவனிக்கத்தக்கது. நம் நீதிமன்றத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு அதுதான் பெயர்: முதலாம் எதிரி, இரண்டாம் எதிரி. தீர்ப்பு வரும்வரை அவர் குற்றவாளி இல்லை. வாட்ஸப் குழுவில் ஒருவரின் படத்தைப் போட்டு "இந்தத் திருடனைப் பகிருங்கள்" என்று எழுதுபவர்கள், அவதூறு வழக்கு வந்த பிறகுதான் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்கிறார்கள். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டியை, பிள்ளை பிடிப்பவர் என்று சொல்லி ஊரே சேர்ந்து அடித்துக் கொன்றது. கைபேசியில் சுற்றிக்கொண்டிருந்த வதந்தியின் ஒரு சொல் அது.

தர்ம அடி என்று செய்தியில் வரும். அதில் தர்மம் ஏதும் இல்லை. காயப்படுத்திய குற்றம் உங்கள் மேல் வரும். அதோடு உங்கள் வழக்கும் பாழாகும். காவலில் வைப்பதற்கு முன் மருத்துவர் பிடிபட்டவரின் காயங்களை எழுதுவார். "என்னை அடித்து ஒப்புக்கொள்ளவைத்தார்கள்" என்ற எதிர்வாதத்துக்கு அந்தச் சான்றிதழே போதும். கண்ணெதிரே திருடியவரைப் பொதுமக்கள் பிடித்துவைக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் தாமதமின்றி, எப்படியும் ஆறு மணி நேரத்துக்குள், காவலரிடம் ஒப்படைத்தாக வேண்டும். நடைமுறைச் சட்டம் பிரிவு 40. உட்காரவையுங்கள், தண்ணீர் கொடுங்கள், 100 அல்லது 112-க்கு அழையுங்கள். பையிலிருந்து பொருளை நீங்களே எடுக்காதீர்கள். சாட்சிகள் முன்னிலையில் காவலர் எடுத்தால்தான் அது கைப்பற்றுதல்.

ரசீதும் எஃப்.ஐ.ஆரும்

காவல் நிலையத்தில் தரப்படும் சி.எஸ்.ஆர். ரசீது, மனு வந்து சேர்ந்ததற்கான சீட்டு மட்டுமே. அது வழக்குப் பதிவு ஆகாது. எஃப்.ஐ.ஆரில் குற்ற எண், ஆண்டு, சட்டப் பிரிவுகள் இருக்கும்; நகலைக் கட்டணமில்லாமல் உங்களிடம் தர வேண்டும். வாங்கியதும் முதலில் பிரிவுகள் எழுதிய இடத்தைப் பாருங்கள். காயத்தோடு நகை போனதற்கு வெறும் 303(2) போட்டிருந்தால், எந்த வரியை அடிப்படையாக வைத்து 309 சேர்க்க வேண்டும் என்பதை எழுதிக் கூடுதல் மனு கொடுக்கலாம்.

"எங்க எல்லை இல்லை" என்ற பதில் இனி செல்லாது. மேலே சொன்ன மதுரைப் பேருந்தில், கோரிப்பாளையம் வைகைக்கு வடகரை, சிம்மக்கல் தென்கரை. நிலையங்கள் வேறு வேறு. எங்கே நடந்திருந்தாலும் முதலில் போகும் நிலையத்தில் ஜீரோ எஃப்.ஐ.ஆராகப் பதிந்து உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது நடைமுறைச் சட்டம் பிரிவு 173. மின்னணு வழியில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். இதை மறந்துவிடுபவர்கள் நிறைய. ரயிலில் என்றால் 139-க்குச் சொல்லிவிட்டு இருப்புப்பாதைக் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். பயணத்தை நிறுத்தி இறங்க வேண்டியதில்லை. மூன்றாண்டுக்குக் குறையாமல் ஏழாண்டுக்குக் கீழ் தண்டனை உள்ள குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளரின் அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம்; திருட்டும் பறிப்பும் இதில் அடங்கும். அதைத் தாண்டியும் இழுத்தால், மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கோ மாநகரில் ஆணையருக்கோ ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் நடுவரிடம் மனு. அஞ்சல் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். நடுவர் முதலில் கேட்பது அதைத்தான்.

கைபேசி போயிருந்தால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வேண்டும். பெட்டியிலும் ரசீதிலும் இருக்கும். கையில் உள்ளபோதே *#06# அழுத்திக் குறித்துக்கொள்ளலாம். தொலைந்த கைபேசிகளை முடக்குவதற்கான அரசின் சி.இ.ஐ.ஆர். தளத்தில் புகாரின் நகலோடு பதிந்தால், வேறு சிம் போட்டாலும் அந்தக் கருவிக்கு இந்திய நெட்வொர்க்குகளில் இணைப்பு கிடைக்காது.

பொருள் மீட்கப்பட்டுவிட்டால் வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். நடைமுறைச் சட்டத்தின் 497, 503 பிரிவுகளின் கீழ் இடைக்காலமாக ஒப்படைக்கக் கோரி நடுவரிடம் மனு போடலாம். எஃப்.ஐ.ஆர். நகல், நகை ரசீது, ரசீது இல்லாவிட்டால் அதை அணிந்திருக்கும் கல்யாணப் படம், அடகு வைத்திருந்தால் அடகுச் சீட்டு ஆகியவற்றை இணையுங்கள். மனு பெரும்பாலும் தடுமாறுவது எடையில்தான். புகாரில் 40 கிராம் என்று எழுதியிருப்பார்கள்; மீட்ட நகை 36.5 கிராம் இருக்கும். கல்லையும் அரக்கையும் சேர்த்துச் சொன்னீர்களா, ரசீதில் நிகர எடை என்ன என்பதை ஒரு பிரமாணப் பத்திரத்தில் விளக்கினால் போதும். நகையை உருக்கிக் கட்டியாக மீட்டிருந்தால், வாங்கியவரின் வாக்குமூலத்தில் உங்கள் குற்ற எண் வருகிறதா என்று பாருங்கள். உத்தரவு வந்ததும் நகையைப் படம் எடுத்து, மதிப்பீடு செய்து, பிணைப்பத்திரம் வாங்கிக்கொண்டு ஒப்படைப்பார்கள். விசாரணை முடியும்வரை அதை விற்கவோ, அழித்துச் செய்யவோ, அறுந்த கொக்கியைப் பற்றவைக்கவோ கூடாது. சாட்சி சொல்லப் போகும் நாளில் அதே நிலையில் கொண்டுவரச் சொல்வார்கள்.